சிங்கன் நோய்

உலக மனநோய்ப் பட்டியலில் தென்காசி மாவட்டத்துக்கு இன்னும் ஓர் இடம் கிடைக்கவில்லை. 2019 நவம்பரில் நெல்லையிலிருந்து பிரிந்தோம். கலெக்டர் வந்தார், எஸ்.பி. வந்தார், போர்டுகளில் பழைய பெயரை அழித்துப் புதுப்பெயர் எழுதினார்கள். நோய்ப் பட்டியலில் மட்டும் நம் பங்குக்கு ஒரு வரி கிடையாது. வியன்னாவில் உட்கார்ந்திருந்த ஃபிராய்டு, கிரேக்கத்து ஈடிபஸ் ராஜாவின் சங்கடத்தை எடுத்து உலகத்துப் பையன்கள் அத்தனை பேர் தலையிலும் கட்டிவிட்டுப் போனார். நாம் என்ன குறைந்தவர்களா? நம்மிடம் குற்றாலக் குறவஞ்சி இருக்கிறது. மேலகரத்துத் திரிகூடராசப்பக் கவிராயர் முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே நோயாளியை நடுமேடையில் நிறுத்தி, அறிகுறிகளை ஒன்றுவிடாமல் எழுதி வைத்துவிட்டார். பெயர் வைக்க வேண்டியதுதான் பாக்கி.

கதை தெரிந்ததுதான். சிங்கி ஊர் ஊராகப் போய்க் குறி சொல்லிச் சம்பாதிக்கிறவள். குற்றாலநாதர் மேல் மையல் கொண்டு கிடந்த வசந்தவல்லிக்குக் குறி சொல்லி நகையும் நட்டும் பரிசாக வாங்குகிறாள். புருஷன் சிங்கனுக்குக் கண்ணி வைத்துப் பறவை பிடிக்கிற தொழில். பெண்டாட்டி நினைப்பிலேயே இருந்து பறவைகளைக் கோட்டை விட்டுவிட்டு, அவளைத் தேடி அலைந்து, கடைசியில் கண்டுபிடிக்கிறான். கண்டதும் விசாரணை. சொல்லாமல் எங்கே போனாய்? காலில் என்ன? கழுத்தில் என்ன? எப்படி வந்தது? கையில் ஒரு கொக்குகூட இல்லாதவனிடம் கேள்வி மட்டும் கூடை நிறைய.

கவிராயர் அதைச் சிரிக்கச் சிரிக்கப் பாடினார். சிங்கிக்கும் வாய் இருந்தது. ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லி அவனை அடக்கினாள். அதே விசாரணை இன்றைக்கும் பாவூர்சத்திரம் தொடங்கிக் கடையநல்லூர் வரை ராத்திரி எட்டு மணிக்கு மேல் வீட்டுக்கு வீடு நடக்கிறது. காலில் கிடந்த தண்டைக்குப் பதில் கையில் இருக்கும் செல்போன். “யாருகிட்டளா பேசுத?” இதற்குச் சிரிப்பு வரமாட்டேன் என்கிறது.

ஆகவே நோயின் இலக்கணத்தை இப்படி வகுக்கலாம்: பெண்டாட்டி கொண்டுவருகிற காசு இனிக்கும், அதைக் கொண்டுவருவதற்காக அவள் வாசற்படி தாண்டியது கசக்கும். ஆண்களை மட்டுமே தாக்கும் என்றில்லை. மாமியார்களும் நோயைச் சுமப்பதுண்டு. ஆனால் காய்ச்சல் அடிப்பது எப்போதும் மருமகளுக்குத்தான்.

நோய் முற்றிய நிலையைப் பார்க்க வேண்டுமானால் ஆலங்குளம், கீழப்பாவூர், கடையம் பக்கம் ஏதாவது ஒரு தெருவுக்குப் பகல் பதினொரு மணிக்கு வாருங்கள். திண்ணையில் ஒரு பெண். மடியில் தட்டு, தட்டில் அளவாக வெட்டிய இலை, ஓரத்தில் தூள், பக்கத்தில் நூல்கண்டு. இலையை எடுத்து, தூளைப் பரப்பி, உருட்டி, நூலைச் சுற்றி, வாயை மடக்கிப் போடுவதற்குள் நீங்கள் ஒரு கொட்டாவி விட்டு முடித்திருக்க மாட்டீர்கள். கண் தட்டில் இருக்காது. உலை கொதிக்கிறதா, தொட்டிலில் பிள்ளை அசைகிறதா என்று அது வேறு டியூட்டி பார்க்கும். கூலி ஆயிரம் பீடிக் கணக்கில். கட்டுகளை எடுத்துக்கொண்டு பீடிக்கடைக்குப் போனால், அங்கே ஒருவர் கட்டை விரலால் அமுக்கிப் பார்த்து, சரியில்லை என்று ஒரு பிடியைக் கழித்துப் போடுவார். கழித்ததற்குக் கூலி கிடையாது. கடையில் கொடுத்த இலை ஓட்டையும் உடைசலுமாக இருந்தால், கணக்கை நேராக்க அவளே காசு கொடுத்து வெளியில் இலை வாங்க வேண்டும். கூலிக்காரியே முதலும் போடுகிற இந்த வியாபாரத்துக்கு எந்தப் பொருளாதாரப் புத்தகத்தில் பாடம் இருக்கிறதோ தெரியவில்லை.

வீட்டில் உட்கார்ந்து சுற்றுகிறவளும் தொழிலாளிதான் என்று 1966-ஆம் ஆண்டின் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் சொல்லிவிட்டது. டெல்லியில் உட்கார்ந்திருந்தவர்களுக்குத் தெரிந்தது, அதே திண்ணையில் ஈசிச்சேர் போட்டுக் கிடப்பவருக்குத் தெரியவில்லை. “வீட்ல என்ன பண்ணுதாக, அண்ணாச்சி?” என்று கேட்டுப் பாருங்கள். “அவ சும்மாதான் இருக்கா.” அவள் சுற்றியதில் ஒன்றைப் பற்றவைத்துக்கொண்டுதான் இதைச் சொல்வார். பெண் பார்க்கப் போகும்போது மட்டும் பெண்ணுக்குப் பீடி சுற்றத் தெரியுமா என்று விசாரிக்க மறக்காதவர்கள் இவர்கள். தாலி கட்டும்வரை அது தகுதி. கட்டிய மறுநாள் அது சும்மா.

பெண்ணுக்கு என்னதான் வேண்டும் என்று முப்பது வருஷம் ஆராய்ந்தும் தனக்குப் பிடிபடவில்லை என்று ஃபிராய்டு நொந்துகொண்டதாக அவர் வாழ்க்கையை எழுதியவர் குறித்திருக்கிறார். பாவம். கீழப்பாவூர்த் திண்ணைக்கு வந்து கேட்டிருந்தால் அரை நிமிஷத்தில் முடிந்திருக்கும். “நல்ல எலையா குடுக்கச் சொல்லுங்கய்யா. கழிக்கதக் கொஞ்சம் கொறைக்கச் சொல்லுங்க.” ஆனால் அவர் தேடியது அந்தப் பதிலை இல்லை. பெண்ணுக்கு ஆணுடம்பைக் கண்டு பொறாமை என்று முடிவை முன்னாடியே எழுதியாயிற்று. நோயாளி வந்து அதில் கையெழுத்துப் போட்டால் போதும். அவர் வழியில் வந்த கேரன் ஹார்னி என்ற பெண் மருத்துவர் 1920-களில் எழுந்து, பிள்ளை பெறுகிற உடம்பைப் பார்த்து ஆணுக்குப் பொறாமை இருக்கக்கூடாதா என்று திருப்பிக் கேட்டார். சபை தொண்டையைச் செருமிக்கொண்டது.

மாதவிலக்கு நாட்களில் பெண்ணின் புத்தியும் கையும் மந்தமாகிவிடும் என்பது அந்தக் காலத்துப் பேராசிரியர்களின் வேதவாக்கு. லீட்டா ஹாலிங்வொர்த் என்ற அமெரிக்கப் பெண் அதைச் சோதித்தே பார்த்துவிட்டார். பெண்களை நாள்தோறும் உட்காரவைத்து விரல் தட்டும் வேகம், கை நடுக்கம், நிறங்களின் பெயரைச் சொல்லும் வேகம் என்று அளந்தார். 1914-ல் முடிவு வந்தது: அந்த நாட்களிலும் ஒன்றும் குறையவில்லை. இதற்குக் கொலம்பியா பல்கலைக்கழகம்வரை போயிருக்க வேண்டாம். எங்கள் பக்கத்துப் பீடிக்கடைக் கணக்கு நோட்டைப் புரட்டியிருந்தால் போதும். அந்த மூன்று நாளும் சாமி அறை ஆகாது, ஊறுகாய் ஜாடி ஆகாது, பூப்பறிக்க ஆகாது. தட்டு மட்டும் ஆகும். ஆயிரம் பீடிக்குத் தீட்டே கிடையாது. கார்த்திகையில் மாலை போட்டுக்கொண்டு சபரிமலைக்குப் போகிற வழியில் குற்றால அருவியில் முங்கி எழுகிற சாமிகளில் எத்தனை பேருடைய விரதச் செலவு அந்தத் தட்டிலிருந்து வந்தது என்று யாராவது கணக்கெடுக்கலாம். எடுக்கமாட்டார்கள். கணக்கு வெளியே வந்தால் விரதம் கெட்டுவிடும்.

நோய் படிக்காதவர்களுக்குத்தான் வரும் என்று நினைத்தால் அது தப்பு. 1970-ல் அமெரிக்காவில் இன்கே புரோவர்மன் என்ற மனவியலாளரும் அவருடன் இருந்தவர்களும் 79 மனநல வல்லுநர்களிடம் ஒரு வேலை கொடுத்தார்கள். ஒரு பகுதியினர் மனநலமுள்ள ஆண் எப்படி இருப்பான் என்று குறிக்க வேண்டும். இன்னொரு பகுதியினர் மனநலமுள்ள பெண் எப்படி இருப்பாள் என்று. மூன்றாம் பகுதியினர் ஆணா பெண்ணா என்று சொல்லாமல், மனநலமுள்ள வளர்ந்த மனிதர் எப்படி இருப்பார் என்று. ஆணும் மனிதரும் ஏறக்குறைய ஒன்றாக வந்து நின்றார்கள். பெண் தனியாக நின்றாள்: அடங்கிப் போவாள், அடுத்தவர் சொல் கேட்பாள், சின்ன விஷயத்துக்கும் பதறுவாள். அதாவது நல்ல பெண்ணாக இருந்தால் அரைகுறை மனிதர். முழு மனிதராக இருந்தால் கெட்ட பெண். எதில் தேறினாலும் இன்னொன்றில் ஃபெயில். கேட்கப்பட்ட 79 பேரில் 33 பேர் பெண்கள். அவர்களும் இதையேதான் குறித்துக் கொடுத்தார்கள் என்பதுதான் நெஞ்சை அறுக்கிறது.

தென்காசிப் பழைய பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் இதே கேள்வியைக் கேட்டால் ஒரு டீ ஆறுவதற்குள் இதே முடிவு வந்துவிடும், ஆராய்ச்சி நிதி தேவையில்லை. “நல்ல பொம்பளன்னா அதிர்ந்து பேச மாட்டா, வே.” அதிர்ந்து பேசினால்? வியன்னாவில் ஹிஸ்டீரியா, நம்மூரில் பேய். அமெரிக்க மனநோய்க் கையேடு ஹிஸ்டீரியாவை 1980-ல் வீட்டுக்கு அனுப்பிவிட்டது. நம்மூர்ப் பேய் இன்னும் பதவியில்தான் இருக்கிறது. (பேயில் ஒரு லாபம் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். பேய் பிடித்த மருமகள் மாமனாரை வாடா போடா என்று பேசலாம். தேங்காய் உடைத்து விபூதி பூசுவார்கள். பேய் பிடிக்காதவள் அதையே பேசினால் பெட்டியைக் கட்டச் சொல்வார்கள்.)

இனி மார்ச் 8. மேடையில் வரிசையாக ஆண்கள், கழுத்தில் சால்வை. கீழே வரிசையாகப் பெண்கள், கையில் கோலப்பொடி. பெண் விடுதலைக்காகக் கோலப்போட்டி, சமத்துவத்துக்காக அடுப்பில்லாச் சமையல் போட்டி, முன்னேற்றத்துக்காக மெஹந்தி. சிறப்பு விருந்தினர் எழுந்து, பெண் என்பவள் பூமி, பெண் என்பவள் நதி, பெண் என்பவள் சக்தி என்று ஆரம்பிப்பார். மனுஷி என்பது மட்டும் அந்தப் பட்டியலில் வராது. நதி கூலி கேட்காது, பூமி லீவு கேட்காது என்ற தைரியம் அவருக்கு. பிறகு தன்னம்பிக்கைப் பேச்சாளர் மைக்கைப் பிடிப்பார். “உங்கள் மனசுதான் உங்களுக்குத் தடை. மனசை மாற்றுங்கள், எல்லாம் மாறும்.” கேட்டுக்கொண்டிருக்கிறவளுக்கு மனசில் ஒரு தடையும் இல்லை; ஐந்தே முக்கால் டவுன் பஸ்ஸைத் தவறவிட்டால் வீட்டில் என்ன கேட்பார்கள் என்பதுதான் தடை.

அந்த பஸ்ஸையும் சொல்லிவிட வேண்டும். 2021 மே மாதத்திலிருந்து தமிழ்நாட்டில் அரசின் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. இலஞ்சியில் இருப்பவள் தென்காசிக்கு வர இனி யார் சட்டைப்பையையும் தடவ வேண்டியதில்லை. உடனே ஆண்களுக்குப் பொருளாதாரம் தெரிய ஆரம்பித்துவிட்டது. அரசு நஷ்டம், வரிப்பணம் வீண், “ஓசி.” 2022-ல் ஓர் அமைச்சரே மேடையில் அந்தச் சொல்லைச் சொல்லிப் பிறகு சமாளிக்க வேண்டிவந்தது. திண்ணையில் உட்கார்ந்து காலமெல்லாம் ஓசியில் தின்ற சோற்றுக்கு இவர்களிடம் யாராவது டிக்கெட் கிழித்தார்களா? 2024-ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு சொல்கிறது: கூலியில்லாத வீட்டுவேலையில் இறங்குகிற பெண்களுக்கு அதில் நாளுக்கு 289 நிமிடம் போகிறது, இறங்குகிற ஆண்களுக்கு 88. 2019-ல் இது 299-ம் 97-ம். ஐந்து வருஷத்தில் பெண்ணின் வேலை பத்து நிமிடம் குறைந்தது என்று மகிழ்வதற்குள், ஆணும் ஒன்பது நிமிடம் குறைத்துக்கொண்டான். நிமிடங்கள் எங்கே போயின என்று தேட வேண்டாம். தெருமுனையில் இட்லி மாவு பாக்கெட்டில் விற்கிறார்கள். காசு கொடுத்து வாங்குவதும் பெரும்பாலும் அவள்தான்.

பதவி கொடுத்தால் நோய் தெளியும் என்றார்கள். தமிழ்நாட்டில் உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு என்று 2016-ல் சட்டம் வந்தது. 2021 அக்டோபரில் தென்காசி மாவட்டத்தில் ஊராட்சித் தேர்தல் நடந்தபோது 21 வயதுப் பொறியியல் மாணவி ஒருவர் தலைவராக ஜெயித்தார், பத்திரிகைகள் கொண்டாடின. கொண்டாட வேண்டியதுதான். பல ஊர்களில் நடந்தது வேறு. சுவரொட்டியில் அவள் படத்துக்குப் பக்கத்தில் அவளைவிடப் பெரிதாக ஒரு மீசை. ஜெயித்த மறுநாள் முதல் மீசையே ‘பிரசிடெண்ட்’. பெஞ்சைத் தட்டுவது அவர், கான்ட்ராக்டரோடு பேசுவது அவர், செக்கில் கையெழுத்துப் போடும்போது மட்டும் உள்ளே திரும்பி, “ஏளா, இங்க வா.” கையை முந்தானையில் துடைத்துவிட்டு வந்து போட்டுவிட்டுப் போவாள். இந்த நாற்காலித் திருட்டு நாடு முழுக்க நடப்பதால் மத்திய பஞ்சாயத்து ராஜ் அமைச்சகம் இதை ஆராய 2023-ல் ஒரு குழுவே போட வேண்டியதாயிற்று. பட்டியலினப் பெண் என்றால் திருட நாற்காலிகூட இல்லை: 2020-ல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் ஊராட்சித் தலைவியைத் தரையில் உட்காரவைத்துக் கூட்டம் நடத்திய படத்தைத் தமிழ்நாடே பார்த்தது. பார்த்து, ரெண்டு நாள் வெட்கப்பட்டு, மூன்றாம் நாள் மறந்தது.

நாற்காலியை மறுப்பதில் ஹார்வர்டும் நம் சொந்தக்காரர்தான். மேரி விட்டன் கால்கின்ஸ் அங்கே மனவியல் படித்து, 1895-ல் முனைவர் பட்டத்துக்கான தேர்வையும் ஜமாய்த்தார். பெண் என்பதால் பட்டம் இல்லை என்றார்கள். ஆராய்ச்சிக்கு வா, பட்டத்துக்கு வராதே. பத்தே வருஷத்தில், 1905-ல், அமெரிக்க மனவியல் சங்கத்துக்கே அவர் தலைவரானார். ஹார்வர்டு கடைசிவரை அந்தப் பட்டத்தைக் கொடுக்கவில்லை. மனசைப் படித்தவர்களின் மனசு இவ்வளவுதான்.

சீசன் நேரத்தில் குற்றாலம் பேரருவிக்கு வாருங்கள். பெண்களுக்குத் தனிப்பகுதி, தனி வரிசை, கம்பித் தடுப்பு; அகலமான பக்கம் யாருக்கு என்று சொல்லத் தேவையில்லை. நான் பார்க்கச் சொல்வது அதை இல்லை. படிக்கட்டு ஓரத்தில் பைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிறாளே, அவளைப் பாருங்கள். மடியில் பாலித்தீன் கவருக்குள் வீட்டு ஆண்கள் அத்தனை பேரின் செல்போன், மணிபர்ஸ், பைக் சாவி. தோளில் ஈரத்துண்டுகள். செருப்புக் குவியலை ஒரு காலால் அணைத்திருக்கிறாள். சாரல் முகத்தில் அடிக்கிறது. அருவி அவளுக்குச் சத்தமாக மட்டும் கிடைக்கிறது. வீட்டுக்காரர் குளித்து, பஜ்ஜி தின்று, மறுபடி குளிக்கப் போகிறார். ஏன் அண்ணி குளிக்கவில்லை என்று யாரோ கேட்கிறார்கள். அவர் தலையைத் துவட்டிக்கொண்டே நோயைக் கண்டறிந்து சொல்கிறார்: “அவளுக்குத் தண்ணின்னா பயம்.”

இதுதான், ஒரு நூற்றாண்டு மனவியலின் சாரம் இந்த ஒரு வரிதான். பைகளைப் பார்க்க வேறு ஆள் இல்லை என்ற உண்மையை எடுத்து, அவளுக்குத் தண்ணீர்ப் பயம் என்று அவள் மனசுக்குள் திணித்துவிடுவது. வெளியே போக விடாமல் வைத்துவிட்டு, வெளியுலகம் தெரியாதவள் என்பது. கணக்கைக் கண்ணில் காட்டாமல், பொம்பளைக்குக் கணக்கு வராது என்பது. 1968-ல் நவோமி வைஸ்ஸ்டைன் என்ற அமெரிக்க மனவியலாளர் தன் துறையினரைப் பார்த்து இதைத்தான் சொன்னார்: பெண் எப்படிப்பட்டவள் என்று உங்களுக்கு எதுவுமே தெரியாது, ஏனென்றால் அவளைச் சுற்றி இருப்பதைப் பார்க்காமல் அவளுக்குள்ளேயே தோண்டுகிறீர்கள். அவர்கள் ஓரளவு திருந்தினார்கள். நம் பேரருவிப் படிக்கட்டு மனவியலாளர் இன்னும் தலை துவட்டி முடிக்கவில்லை.

ஆகவே என் கோரிக்கை. அடுத்த சாரலில் குற்றாலத்தில் ஆண்களுக்கு ஒரு மனநல முகாம் நடத்த வேண்டும். மருந்து மாத்திரை வேண்டாம். முதல் நாள் படிக்கட்டில் உட்கார்ந்து பைகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும். பெண்கள் குளித்துவிட்டு எப்போது வருவார்கள் என்று கேட்கக்கூடாது. மறுநாள் தட்டு. இலை மட்டமான இலையாக இருக்கும். உலை வைத்துக்கொண்டே, தொட்டிலை ஆட்டிக்கொண்டே ஆயிரம் முடிக்க வேண்டும். அரைமணிக்கு ஒருதரம் யாராவது வந்து, “சும்மாதான இருக்கீரு, ஒரு டீ போடும்” என்பார்கள். அந்தியில் கட்டுகளை அமுக்கிப் பார்த்துக் கழிக்க, நாற்பது வருஷம் பீடி சுற்றிய ஒரு பாட்டியை ஏற்பாடு செய்திருக்கிறேன். இரக்கம் காட்டமாட்டேன் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டாள். கடைசி நாள் கூலியை மொத்தமாக மனைவி கையில் கொடுத்துவிட்டு, பஸ்ஸுக்குப் பத்து ரூபாய் கேட்க வேண்டும். எதற்கு, எங்கே, யாரோடு, எப்போது திரும்புவாய் என்று நான்கு கேள்வி கேட்கப்படும். குரலை உயர்த்தினால் பேய் என்று எழுதி, முகாம் முதலிலிருந்து ஆரம்பிக்கும்.

ஊராட்சித் தலைவிகளின் வீட்டுக்காரர்களுக்கு முன்னுரிமை உண்டு. அவர்களுக்கு மட்டும் நாற்காலி கிடையாது.

கோரிக்கையை முறைப்படி அனுப்பிவிடலாம் என்று ஆன்லைன் விண்ணப்பத்தைத் திறந்தேன். முதல் கட்டத்தில் பெயர் கேட்டது; எழுதினேன். அடுத்த கட்டம் தந்தை அல்லது கணவர் பெயர், பக்கத்தில் ஒரு சிவப்பு நட்சத்திரம். அதை நிரப்பாமல் அடுத்த பக்கத்துக்கு விடமாட்டேன் என்கிறது. ‘சிங்கன்’ என்று அடித்தேன். ஏற்றுக்கொண்டது.